டிப்போவின் பேட்டரி பஸ்

நடந்தது வரிசையாக இதுதான்:

1. எங்கள் ஆஸ்பத்திரியின் பேட்டரி வண்டி சரிவுப் பாதையின் நடுவில், கொட்டும் மழையில் நின்றுபோனது.
2. ஓட்டுநர் டிப்போ, பயணிகளை இறங்கித் தள்ளச் சொன்னார்.
3. பயணிகள் நால்வரும் புற்றுநோயாளிகள். இறங்கித் தள்ளினார்கள்.
4. நிர்வாக அதிகாரி அதை ஜன்னல் வழியாகப் பார்த்தார்.
5. மாதக் கடைசிக்குள் வண்டி சரியாகாவிட்டால் அது காயலான் கடைக்கு, டிப்போ வீட்டுக்கு என்று முடிவானது. சரி செய்யும் வேலை, பராமரிப்புப் பிரிவில் மின் பொறியாளரான என்னிடம் வந்தது.
6. வண்டிக்குள்ளேயே பொருத்துகிற சார்ஜர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வண்டி பிழைத்தது.

டிப்போ பிழைத்தாரா என்பதுதான் ஏழாவதாக வர வேண்டும். அதற்கு இன்னும் பதில் தெரியவில்லை.

சென்னையில் தனக்குத்தானே விசில் கொடுத்துக்கொண்டு வண்டி ஓட்டிய ஒரே மனிதர் டிப்போதான். மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலம் முழுவதும் டிரைவரின் முதுகைப் பார்த்தே பயணம் செய்ததில், ஸ்டியரிங் மீது தீராத ஏக்கம். அடையாறில் எங்கள் ஆஸ்பத்திரி, வாசலிலிருந்து கதிர்வீச்சுப் பிரிவு வரை நோயாளிகளை ஏற்றிச் செல்ல ஒரு கோல்ஃப் வண்டி வாங்கியபோது முதல் ஆளாக வந்து ஏறிக்கொண்டார். ஆறு இருக்கை, மேலே ஒரு தார்ப்பாய்க் கூரை. அவ்வளவுதான். டிப்போவின் கண்ணுக்கு அது பஸ். வாசல்தான் பாரிஸ் கார்னர். ரத்தப் பரிசோதனைக்கூடம் சைதாப்பேட்டை. கதிர்வீச்சுப் பிரிவு திருவான்மியூர். அதை நிறுத்தும் கொட்டகையை அவர் டிப்போ என்று சொல்லிச் சொல்லி, அவர் பெயரே அதுவாகிவிட்டது.

"உள்ள போ நைனா, உள்ள போ! பின்னாடி எடம் காலியாத்தான் கீது! கம்பியப் புடிச்சிக்கினு நில்லு!" என்று ஆறு பேர் உட்காரும் வண்டியில் இரண்டு பேரைப் பார்த்துக் கத்துவார். நிற்க அதில் இடமே கிடையாது. பிறகு இரட்டை விசில். தன் விசிலைத் தானே கேட்டு, தலையாட்டி, அதன் பிறகுதான் கிளம்புவார். ஆஸ்பத்திரியில் விசில் கூடாது என்று நிர்வாக அதிகாரி அதைப் பிடுங்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து நாக்கை மடித்து அடித்தார். நாக்கைப் பிடுங்கும் அதிகாரம் நிர்வாகத்துக்கு இல்லை.

தினமும் வந்த பயணி திடீரென்று வராமல் போனால், "அவருக்குப் பாஸ் முடிஞ்சிருச்சு" என்பார். குணமாகிப் போனவர்களுக்கும் அதே சொல்தான், மற்றவர்களுக்கும் அதே சொல்தான். ஒருமுறை, "எந்த மாதிரி முடிஞ்சுதுண்ணா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதெல்லாம் கண்டக்டர் கேக்கக் கூடாது மேடம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருடைய நிரந்தரப் பயணி, மயிலாப்பூரிலிருந்து வரும் வீணை டீச்சர். கால் வலுவில்லை, ஆனாலும் சக்கர நாற்காலியைத் தொடமாட்டார். "அதுல ஒக்காந்தா நான் வியாதிக்காரி. பஸ்ல போனா எங்கயோ வேலையாப் போயிண்டிருக்கேன்னு அர்த்தம்" என்பார். மழையில் வண்டி தள்ளியவர்களில் அவரும் ஒருவர். தள்ளினார் என்பது மிகை. பின்கம்பியில் கை வைத்திருந்தார். "நன்னாத் தள்ளினோம், இல்லையா?" என்று அன்று முழுவதும் நர்ஸ்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

வண்டி ஏன் நின்றது என்று பார்க்கப் போனேன். காரணம் பேட்டரியில் இல்லை, டிப்போவின் முப்பது வருட டீசல் அனுபவத்தில் இருந்தது. பழைய சார்ஜர் சமையற்கூடத்துக்குப் பின்னால் கொட்டகையில் இருந்தது. பேட்டரி அடிமட்டத்துக்குப் போனால்தான் வண்டியை அங்கே கொண்டுபோவார்.

"பாதி டேங்கோட டிப்போவுக்குள்ள போனா சிரிப்பாங்க மேடம். காலியானாத்தான் ரொப்பணும்."

"இது டீசல் இல்லண்ணா. காலியாக்கிக் காலியாக்கித்தான் பேட்டரி செத்துப்போச்சு."

போதாக்குறைக்கு, பேட்டரியில் ஊற்ற வேண்டிய டிஸ்டில்டு வாட்டருக்குப் பதிலாக வார்டுக்கு வரும் கேன் தண்ணீரை ஊற்றியிருந்தார். கேட்டதற்கு, "பேஷண்டே இத்தத்தான் குடிக்கிறாங்க. பேட்டரி இன்னா, அவங்களவிட ஒசத்தியா?" என்றார்.

பேட்டரிகளை மாற்றினோம். ஆனால் இவரை மாற்ற முடியாது என்பதால், சார்ஜரை வண்டியின் இருக்கைக்கு அடியிலேயே பொருத்திவிட முடிவு செய்தேன். சவாரி இல்லாத நேரத்தில் போர்டிகோவில் இருக்கும் சாதாரணப் பிளக் பாயிண்டில் சொருகிவிட்டால் போதும், கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும்.

"டீசல் பங்க்கையே பஸ்ஸுல ஏத்திக்கினு போ சொல்றீங்க?" என்று டிப்போ சிரித்தார். அந்தச் சிரிப்பு கரகரவென்று வந்தது. கத்திக் கத்தி வந்த கரகரப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மூன்று சார்ஜர்களை வரவழைத்து மேசையில் வைத்தேன். முதலாவதில் மின்விசிறி இருந்தது. தூசியையும் மழைநீரையும் உள்ளே இழுக்கும், ஐப்பசியில் எங்கள் போர்டிகோவில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். இரண்டாவது வெகு வேகமாக ஏற்றும். அந்த வேகத்தை எங்கள் பேட்டரிகளும் தாங்காது, போர்டிகோ ஒயரிங்கும் தாங்காது. மூன்றாவது முழுக்க மூடியது. நிதானமாக ஏற்றும், எந்த வகை பேட்டரி என்று சொல்லிவைத்தால் அதற்கேற்ப நடந்துகொள்ளும், நிறைந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும். பிளக் சொருகியிருக்கும்வரை வண்டியை நகர விடாது.

டிப்போ ஒவ்வொன்றிலும் காதை வைத்துப் பார்த்தார். மின்விசிறி வைத்ததுதான் பிடித்திருந்தது. "இது மூச்சு வுடுது மேடம். அது சத்தமே போடல. சத்தம் போடாதது வேலை செய்யுதுன்னு எப்டி நம்புறது?"

"தண்ணி உள்ள போனா மூச்சு நின்னுரும்ணா."

எங்கள் ஆஸ்பத்திரியில் யோசித்துப் பேச வேண்டிய வாக்கியம் அது. மூன்றாவதைப் பொருத்தினோம். நிர்வாக அதிகாரி வந்து, வண்டியில் ஒரு சுற்றுப் போய்விட்டு, "ஓடட்டும்" என்றார். டிப்போ அவரிடமும் டிக்கெட் கேட்டார்.

இதோடு முடிந்திருந்தால் இது சந்தோஷமான கதை.

அடுத்த வாரம் ஒரு காலை, வீணை டீச்சர் போர்டிகோவில் வண்டியில் ஏறாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சுவரில் பிளக் பாயிண்ட். அதில் வண்டியின் பிளக். அதன்மேல் டீச்சரின் கை.

டிப்போ விசிலடித்தார். மிதித்தார். வண்டி நகரவில்லை. மறுபடி விசிலடித்தார். சத்தம் கேட்டு நானும் வந்து நின்றேன்.

"அது போகாது. பிளக் இருக்கறச்சே நகராதுன்னு இந்தப் பொண்ணு சொன்னது என் காதுல விழுந்தது" என்றார் டீச்சர்.

"கைய எடு டீச்சர், லேட்டாவுது. உனக்குத்தான் திருவான்மியூர்ல டைம் குடுத்துக்கீறாங்க."

"உன் குரல்ல சுருதி எறங்கிண்டே வரது. ஒரு மாசமாக் கேட்டுண்டிருக்கேன். கத்தினதால வந்த கம்மல்னா ராத்திரி தூங்கி எழுந்தா தெளியணும். உனக்குக் காலம்பறயே கம்மறது. டாக்டர்ட்ட காமிச்சுட்டு வா, கையை எடுக்கறேன்."

"இங்க காமிச்சா சும்மா வுடுவாங்களா? போறவன் வர்றவன் எல்லாத்தையும் படுக்க வெச்சிருவாங்க!"

"படுக்க வெச்சா படுத்துக்கோ."

"மேடம், நீயாவது சொல்லு!" என்று என் பக்கம் திரும்பினார். கோபத்தில் மரியாதை போய்விட்டது.

"சார்ஜர் சரியாத்தான் வேலை செய்யுதுண்ணா" என்றேன்.

பின்னால் வரிசை நீண்டது. யாரும் முணுமுணுக்கவில்லை. ராயப்பேட்டையிலிருந்து வரும் பாய் ஒருவர் மட்டும், "போய்ட்டு வாங்க டிப்போ, பஸ்ஸ நாங்க பாத்துக்குறோம்" என்றார். டிப்போ எல்லோரையும் ஒருமுறை முறைத்துவிட்டு, காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முதல் மாடிக்குப் படியேறிப் போனார். அவர் லிஃப்டில் போகமாட்டார். அதில் கண்டக்டர் இல்லையாம்.

தொண்டையில் கட்டி. பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டீச்சர் பயந்தது சரியாக இருந்தது, புற்றுநோய்தான்.

இப்போதைய நிலை: சார்ஜரில் கோளாறு எதுவும் இல்லை. இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகும் உள்ளே ஈரம் இல்லை. வண்டி நடுவழியில் ஒருமுறைகூட நிற்கவில்லை. கே.கே. நகரிலிருந்து வரும் புது ஓட்டுநர் விசிலடிப்பதில்லை, கத்துவதில்லை, நல்ல பையன். வீணை டீச்சருக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது, வீட்டில்தான் இருக்கிறார், கேட்டுத் தெரிந்துகொண்டேன். டிப்போவுக்குக் கட்டி திரும்ப வந்து இரண்டாவது சுற்றுச் சிகிச்சை நடக்கிறது. பேசக் கூடாது. குரல் திரும்பும் என்று டாக்டர்கள் சொல்லவில்லை, திரும்பாது என்றும் சொல்லவில்லை. காலையில் வந்து, பின்பக்கம் பார்த்த கடைசி இருக்கையில் உட்காருகிறார். நானும் பக்கத்தில் ஏறிக் கதிர்வீச்சுப் பிரிவு வரை போகிறேன். என் அறை வாசலை ஒட்டியே இருக்கிறது. எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை, அங்கிருந்து நடந்து திரும்பி வர வேண்டும்.