போட்டோவில் தூக்கின கை

ஆறு வருஷமாக என் வீட்டில் ஒரு தூண் நின்றுகொண்டிருக்கிறது. கட்டடத்தில் இல்லை, பேச்சில்.

என் மாமனார் குடிநீர் வாரியத்தில் வால்வு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றபோது, ஒரு பெரிய ஹாலில் பிரிவு உபசார விழா நடத்தினார்கள். மனைவியை வாசலில் இறக்கிவிட்டு, "நீ உள்ள போ, வண்டியை நிறுத்திட்டு வந்துடறேன்" என்றேன். வண்டியை நிறுத்தத்தான் செய்தேன். நிறுத்தின இடம் எங்கள் பக்கத்து வீட்டு பல் டாக்டரின் கிளினிக். அன்றைக்குக் கால்பந்து இறுதிப் போட்டி. அவரிடம்தான் பெரிய டிவி. மேட்ச் இழுத்துக்கொண்டே போனது என் தப்பா? மூன்று மணி நேரம் கழித்து, ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஹால் வாசலில் ஆஜரானேன்.

"எங்க போனீங்க?"

"உள்ளதான் இருந்தேன்."

"நான் பாக்கவே இல்லையே?"

"கடைசியில தூணுக்குப் பின்னாடி நின்னேன். உங்க சொந்தக்காரங்கதான் எனக்கு எங்க இடம் விட்டாங்க?"

அன்றைக்குப் பிறந்தது அந்தத் தூண். உப்பு வாங்க மறந்தால், "உப்பு தூணுக்குப் பின்னாடி இருந்துச்சா?" கூப்பிட்ட குரலுக்கு வரவில்லை என்றால், "தூண் மறைக்குதோ?" அந்த ஹாலையே இடித்துவிட்டார்கள். தூண் மட்டும் என் வீட்டில் ஸ்திரமாக நிற்கிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் டிஜிட்டல் ஸ்கிராப்புக் என்ற ஒன்று நுழைந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கத்தரிக்கோல் இல்லாமல் கத்தரிப்பது, பசை இல்லாமல் ஒட்டுவது, சோறு தண்ணி இல்லாமல் செய்வது. சோறும் தண்ணியும் இல்லாமல் போவது கணவனுக்கு. கம்ப்யூட்டரில் பழைய போட்டோக்களை அடுக்கி, பின்னால் பூப்போட்ட காகிதம், ஓரத்தில் ரிப்பன், மூலையில் பட்டன், கீழே நாலு வரி வசனம். அந்த பட்டனுக்கு நிழல் வேறு போடுவாள் என் மனைவி. என் சட்டையில் நிஜ பட்டன் அறுந்து மூன்று வாரம். அதற்கு நிழல்கூட வந்து சேரவில்லை.

வாய்விட்டே சொல்லிவிடுகிறேன், அவளுக்குக் கை வந்த கலை. எங்கள் கல்யாண போட்டோவில் தலைக்கு மேல் நின்ற கரண்ட் கம்பத்தைப் பத்தே நிமிஷத்தில் துடைத்து எடுத்துவிட்டாள். அவள் அக்காவின் இரண்டாவது தாடையையும் எடுத்தாள். அக்கா சந்தோஷத்தில் போனிலேயே அழுதாளாம். என்னையும் விடவில்லை. கடற்கரை போட்டோவில் நான் நின்ற இடத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி பறந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, நான் எங்க?"

"கண்ணை மூடிட்டு நின்னீங்க. பக்கமே கெட்டுப்போச்சு. முழங்கை மட்டும் விட்டிருக்கேன் பாருங்க."

மாமனார் மாமியாருக்கு நாற்பதாவது கல்யாண நாள் வர இருந்தது. அதற்கு ஒரு பெரிய ஆல்பம் தயாராயிற்று. பதினேழாம் பக்கம் ஓய்வு பெற்ற விழா. அந்தப் பக்கத்துக்கு வந்த அன்று சாயங்காலம் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"எண்பத்திரண்டு போட்டோ இருக்குங்க. எங்க அக்கா வீட்டுக்காரர் முப்பதுல இருக்காரு. ஹால் வாட்ச்மேன் நாலுல இருக்காரு. நீங்க ஒண்ணுலகூட இல்ல."

"தூண்..."

"போதும். அன்னைக்கு எல்லாரும், 'உன் வீட்டுக்காரர் எங்க'ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு தெரியுமா? வரலைன்னு ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லுங்க, அதோட விட்டுடறேன்."

சொல்லியிருக்கலாம். நல்ல மனுஷனாக இருந்தால் சொல்லியிருப்பான். நான் ஆறு வருஷம் கட்டிக் காத்த பொய். அதை ஒரு சாயங்காலத்தில் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. பேச்சால் ஜெயிக்க முடியாதவளை ஆதாரத்தால் ஜெயிப்பது என்று முடிவு கட்டினேன். அவள் போட்டோவிலிருந்து என்னை எடுப்பாள் என்றால், நான் என்னைப் போட்டோவில் வைப்பேன்!

அடுத்த நாள் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். நான் பல் டாக்டரைக் கூப்பிட்டேன். குற்றத்தில் அவருக்கும் பங்கு உண்டு, டிவி அவருடையது. விழாப் படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். மேடை ஓரத்தில் மாமனார் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நிற்கிறார். பக்கத்திலேயே அந்தத் தூண். கடவுளாகப் பார்த்துக் கொடுத்த இடம்.

அடுத்து, ஒட்டுவதற்கு நான் வேண்டும். என் போட்டோக்களைத் தேடினால் ஒன்றில் கொட்டாவி, ஒன்றில் தும்மல், மீதியில் முழங்கை. கண் திறந்து, முகம் மலர்ந்து நான் நிற்கும் படம் உலகத்திலேயே ஒன்றுதான். மச்சினி குடும்பம் பத்து நாள் தங்கிவிட்டு ஊருக்குக் கிளம்பியபோது, பஸ்ஸைப் பார்த்துக் கையைத் தூக்கி டாட்டா காட்டுகிறேன். அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் நிஜமான சந்தோஷம்.

"கை தூக்கியிருக்கே சார்?" என்றார் டாக்டர்.

"மாமனாரை உற்சாகப்படுத்தறேன்."

"இந்தச் சட்டை எப்ப வாங்கினது?"

"எனக்கென்ன தெரியும்? சட்டை வாங்கறது அவ டிபார்ட்மென்ட்."

டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வேலையில் இறங்கினார். "ஈறு கிழியாம எடுக்கணும்" என்று காதோரம் சுற்றி வெட்டினார். முதலில் என்னைத் தூணுக்குப் பின்னால் பாதித் தலை தெரிகிற மாதிரி வைத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நான் மனுஷனாக இருந்திருப்பேன்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு ஒட்டிட்டு ஒளிஞ்சுக்கவா போறீங்க? முன்னாடி வாங்க சார்."

வந்தேன். இன்னும் கொஞ்சம் வந்தேன். கடைசியில் மாமனார் தோளை உரசிக்கொண்டு நின்றேன். பழைய படத்தை அழித்துவிட்டுப் புதியதை அதே பெயரில் வைத்தேன். தடயத்தை மறைப்பதில் நான் கெட்டிக்காரன் என்று டாக்டரே கை குலுக்கினார்.

மறுநாள் காலை டீயோடு அவள் பின்னால் போய் நின்றேன்.

"அந்த விழா போட்டோவை இன்னொரு தரம் நல்லாப் பாரு. ஒரு மனுஷனை ஆறு வருஷமா சந்தேகப்படறியே, அநியாயமா இல்ல?"

படம் படமாகத் தள்ளினாள். சட்டென்று நிறுத்தினாள். திரையைப் பெரிதாக்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். சட்டையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அட, ஆமா! நீங்கதான்!"

"தூணுக்குப் பின்னாடிதான் நின்னேன். உங்கப்பா பேச ஆரம்பிச்சதும் தாங்க முடியல. முன்னாடி வந்துட்டேன்."

"அப்பா பேசினதை முழுசாக் கேட்டீங்களா?"

"ஒரு வார்த்தை விடாம."

"எப்படி இருந்துச்சு?"

"அடடா, என்ன பேச்சு! மனசைத் தொட்டுட்டாரு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த அதே சிரிப்பு. "தப்பு என்மேலதாங்க. ஆறு வருஷமா உங்களைப் படுத்திட்டேன்" என்றாள். அன்று மாலைக்குள் என் சட்டையில் பட்டன் தைக்கப்பட்டிருந்தது. பட்டனைத் தடவிப் பார்த்து நான் பூரித்துப்போனதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

கல்யாண நாளன்று மாமனார் வீட்டில் மொத்தக் குடும்பமும் கூடியது. கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்து, ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகக் காட்டினாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் கைதட்டல். பதினேழாம் பக்கம் வந்தது. டிவி முழுக்க நானும் மாமனாரும். என் கையைச் சுற்றித் தங்க நிற வட்டம், ஏழெட்டு நட்சத்திரம், ஒரு அம்புக்குறி. கீழே வசனத்தை என் மனைவி உரக்கப் படித்தாள்.

"அப்பா மைக்குல கேட்டாரு: 'நாளையிலேர்ந்து தினமும் காலையில அஞ்சு மணிக்கு என்கூட நடக்க யார் வர்றீங்க?' அத்தனை பேர்ல ஒரே ஒருத்தர் கை தூக்கினாரு. என் வீட்டுக்காரர்!"

முதல் கைதட்டு என் சகலையிடமிருந்து வந்தது. உயிர் தப்பினவன் தட்டுகிற தட்டு அது. மச்சினி விசில் அடித்தாள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். அழுகிறார் என்று நினைத்தேன்.

மாமனார் டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை... ஆறு வருஷமா நான் இதைக் கவனிக்கவே இல்லையே!"

"மாமா, அது வந்து..."

"அப்பா, அவரு சொன்ன சொல் மாற மாட்டாரு" என்றாள் மனைவி. "ஒருவேளை அன்னைக்கு அவரு அங்க இல்லவே இல்லைன்னா அது வேற விஷயம். என்னங்க, இருந்தீங்கதானே?"

முப்பது கண்கள் என்னைப் பார்த்தன. இல்லை என்றால் ஆறு வருஷப் பொய் மொத்தக் குடும்பத்துக்கும் முன்னால் சந்தி சிரிக்கும். ஆமாம் என்றால் தூக்கம் போகும். நான் ரோஷக்காரன்.

"இருந்தேன்" என்றேன்.

என் மாமனாரோடு நடப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நடப்பது ஒரு கிலோமீட்டர். நிற்பது பதினாலு வால்வு. தெருவில் வால்வை மூடியிருக்கும் ஒவ்வொரு இரும்பு மூடி வந்ததும் அதன் மேல் நின்றுகொள்வார். இது எந்த வருஷம் போட்டது, எந்த மழையில் அடைத்தது, அப்போதைய இன்ஜினியர் எப்படித் திருப்பத் தெரியாமல் எதிர்ப்பக்கம் திருப்பினார், எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் காலை எடுப்பார். ஏழாம் நம்பர் வால்வுக்கு மட்டும் இருபது நிமிஷம். அதில் அவர் ஒருமுறை கட்டைவிரலை நசுக்கிக்கொண்டார். அந்த விரலை நான் தினமும் பார்த்து, தினமும் "ஐயையோ" என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்று கேட்டேன். "தண்ணிக்கு ஏது மாப்பிள்ளை லீவு?" என்றார். நாலே முக்காலுக்கு அலாரம் அடிக்கும். மனைவி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "பாத்துப் போங்க" என்பாள்.

நாற்பத்தோராம் நாள். ஒன்பதாம் வால்வு. மாமனார் வழக்கம்போல வருஷத்தைச் சொல்லவில்லை. என் தோளில் கை வைத்தார்.

"மாப்பிள்ளை, மனசு உறுத்துது. ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அன்னைக்கு நான் மேடையில பேசவே இல்ல."

"என்ன மாமா சொல்றீங்க?"

"மைக்கைக் கையில வாங்கினேன், அழுகை முட்டிக்கிட்டு வந்துடுச்சு. அஞ்சு நிமிஷம் வாயைப் பொளந்து அழுதுட்டு இறங்கிட்டேன். ஹால்ல இருந்த எல்லாருக்கும் அது தெரியும். உங்களுக்கு மட்டும் எப்படியோ நான் பேசினது கேட்டிருக்கு. இத்தனை வருஷம் தனியா நடந்து அலுத்துப்போச்சா, துணைக்கு ஒரு ஆள் கிடைக்குதேன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

கைதட்டின சகலை, விசிலடித்த மச்சினி, சமையலறைக்கு ஓடின மாமியார், ஒவ்வொருவராகக் கண் முன்னால் வந்தார்கள். அத்தனை பேருக்கும் தெரியும்! மீதி ஐந்து வால்வையும் தாண்டி, ஷூவைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் பாய்ந்தேன். அவள் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு ரோஜாவுக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏய்! அன்னைக்கு உங்கப்பா மேடையில ஒரு வார்த்தைகூடப் பேசலையாமே!"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் கேட்டாள்:

"ஐயையோ, பக்கத்துலயே நின்ன உங்களுக்கு அது இன்னைக்குத்தான் தெரியுதா?"