வேலப்பனின் செருப்புத் தடம்

டீக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பட்டாணிக் கொடியில் பதினோரு காய் குறைந்திருந்தது.

கிளி என்றால் கொத்திய மிச்சம் கிடக்கும். இது காம்போடு கிள்ளிய வேலை. கொத்தனார் பிச்சைக்கனி பக்கத்து வீட்டைப் பார்த்தான். வேலப்பனைத் தவிர வேறு யார்?

விதை தந்தவன் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் சத்தியதாஸ். "பிஞ்சிலேயே தொலியோட தின்னணும், கேட்டியா" என்று சொல்லித்தான் தந்தான்.

"தொலிய மாடு திங்கும்" என்றான் பிச்சைக்கனி. மணி முற்றக் காத்திருந்தான்.

மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போன அவன் மனைவி பிரேமா, "சிமெண்டு குழைக்குற கையில செடி வருமாக்கும்!" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்ததும் ஒரு கிண்ணம் பட்டாணி உரித்து முன்னால் வைக்க வேண்டும். அவள் வாயடைக்க வேண்டும்.

அவள் போன அன்றே பிச்சைக்கனி, வேலப்பனின் மனைவி ரோஸிடம், "தோட்டத்துல கீரை, முருங்கை எது கெடந்தாலும் பறிச்சுக்கோ. எனக்கும் சேத்துப் பொங்கிரு" என்று சொல்லியிருந்தான். வேலப்பனும் கொத்தனார்தான்; இரண்டு பேரின் தூக்குச்சட்டியும் ஒரே கட்டட சைட்டுக்குத்தான் போகும்.

மதியம் சைட்டில் சாப்பிட்டு முடித்ததும் வேலப்பன் சிரித்தான். பல்லிடுக்கில் பச்சை.

"அது என்னவே பல்லுல?"

"தோரன்லா. ஒம்ம பல்லுலயும்தான் இருக்கு."

தேங்காய்த் துருவல் போட்டு வதக்கிய அந்தத் தோரன் நன்றாக இருந்ததால் பிச்சைக்கனி மேலே கேட்கவில்லை.

மறுநாள் கொடியைச் சுற்றிக் கட்டுக்கம்பி இழுத்தான். கம்பி அறுத்துக் கொடியில் பாதி வாடியது. மீதியிலும் ஒன்பது காய் போனது.

அதற்கடுத்த நாள் மணலைச் சலித்துக் கொடியடியில் பரப்பி, மட்டப்பலகையால் தேய்த்துவிட்டு டீக்கடைக்குப் போனான். திரும்பி வந்தால் மணலில் தேய்ந்த குதிகாலோடு ஒரு செருப்புத் தடம். வேலப்பனின் செருப்பு!

சைட்டில் சட்டையைப் பிடித்தான். "களவாணிப்பயலே!"

"நான் விடியும்போதே கான்கிரீட்டுக்குத் தண்ணி அடிக்க வெறுங்காலோட வந்தாச்சு. செருப்பு வீட்டுலதான் கெடக்கு."

"செருப்பு தானா நடந்துச்சோ?"

இருபது வருடக் கூட்டாளி, சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த சாரத்துக்குப் போனான்.

வீட்டுக்கு வந்த பிச்சைக்கனி வெட்டுக்கத்தியை எடுத்தான். எனக்குக் கிடைக்காதது அவனுக்கும் வேண்டாம். கொடியை வேரோடு வெட்டிச் சாய்த்தான்.

சத்தம் கேட்டு ரோஸ் ஓடிவந்தாள், புருஷன் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு.

"அய்யோ அண்ணே, வெட்டிட்டியளா? அப்போ நாளைக்கு ஒங்க தோரனுக்கு நான் எங்க போயிப் பறிப்பேன்?"