திரைக்கு அந்தப் பக்கம் ஆமீன் சொன்னவர்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றுக்குப் போய்விடுவேன், எதைச் சொல்ல வந்தேன் என்பதும் மறந்துவிடும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பள்ளிவாசல் பெருநாள் மலருக்குப் பெண்களும் எழுதலாம் என்று அறிவித்ததும், மருமகள் பரீதா, "மாமி, அந்த இஃதிகாஃப் கதைய எழுதுங்க" என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டாள். வீட்டோடு போன மானம் போதாதாம், அச்சிலும் போக வேண்டுமாம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஆள் முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது. அவ்வளவு கூச்சம். காய் வண்டிக்காரர் தருகிற முற்றல் வெண்டைக்காயை ஒன்றும் சொல்லாமல் வாங்கி வந்துவிடுவேன். (அவர் இன்றுவரை என்னை வாய் பேச வராதவள் என்றே நினைத்திருக்கிறார். விலையைக் கைவிரலால்தான் காட்டுவார்.)

அப்படிப்பட்டவளுக்கு மகள் நஸ்ரினுக்கு வரன் பேசும் வேலை வந்து சேர்ந்தது. அவள் அத்தா, என் வீட்டுக்காரர், மவுத்தாகிப் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ராயபுரத்திலிருந்து ஓர் இடம் வந்தது. பையன் காட்டுப்பள்ளி துறைமுகம் பக்கம் வெல்டிங் வேலை, அதிர்ந்து பேசாத பிள்ளை. நஸ்ரினுக்கு மனதுக்குப் பிடித்துவிட்டது. பையனின் அம்மா மைமூன் பீவியை நினைத்தால்தான் பயம். அவர் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும், கோபம் வந்தால் அடுத்த தெருவுக்கும் கேட்கும் என்று சொல்லியிருந்தார்கள். நோன்புக்கு முன்னால் அவர்கள் பெண் பார்க்க வந்தபோது, வழக்கம்போல என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தட்டை நீட்டினேன், தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். "பெருநாள் கழிச்சி சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்து போனார்கள். அன்றிலிருந்து நஸ்ரின் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கே கோளாறு என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த வருஷம் நான் இஃதிகாஃப் இருந்தேன். ரமலானின் கடைசிப் பத்து நாளும் உலகப் பேச்சை விட்டு, ஓரிடத்தில் ஒதுங்கி வணக்கத்திலேயே இருப்பது அது. ஆண்கள் பள்ளிவாசலில் இருப்பார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் வீட்டில் தொழுகிற இடத்தையே தடுத்துக்கொண்டு இருக்கலாம். அத்தியாவசியத் தேவைக்கு அன்றி அந்த இடத்தை விட்டு வெளியே வந்தால் முறிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இருந்த ஆசை. திருவொற்றியூரில் எங்களுக்கு ஒரு கூடம், ஒரு சமையலறை. கூடத்தில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே என் பழைய ரோஜாப்பூ சேலையை ஆணியடித்துத் திரையாகக் கட்டி உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற பிளக் பாயிண்ட் என் பக்கம் மாட்டிக்கொண்டது என்று. திரைக்கு அடியில் போன்கள் வரிசையாக நுழைந்துகொண்டே இருந்தன. உலகத்தை விட்டு ஒதுங்கிய நான், வீட்டிலுள்ள எல்லோருடைய போனுக்கும் காவல் இருந்தேன்.

ஆனாலும் அந்த நாட்கள் மாதிரி இனி வராது. வெயில் சேலை வழியாக வந்து சுவரில் இளஞ்சிவப்பாக விழும். காற்றடித்தால் சேலையின் ரோஜாக்கள் தண்ணீரில் மிதப்பதுபோல அசையும். கன்டெய்னர் லாரி போகும்போது தரை மெல்ல நடுங்கும், தூரத்தில் ஏதோ கப்பல் ஊதும். தஸ்பீஹ் மணி விரலில் நகர்கிறதா, நான்தான் நகர்கிறேனா என்று புரியாது. பசியும் தூக்கமும் கலந்து உடம்பு பஞ்சாகிவிடும்.

இருபத்தேழாம் கிழமை என்று நாங்கள் சொல்லும் ரமலானின் இருபத்தேழாவது இரவு முழுக்க விழித்திருந்தேன். மலக்குகள், அதாவது வானவர்கள், பூமிக்கு இறங்கும் இரவு என்று அதைத்தான் எங்கள் பக்கம் கொண்டாடுவோம். மறுநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். கண் தானாக மூடியது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்று திரைக்கு அந்தப் பக்கம் மெதுவாக ஒரு குரல்.

பதில் சலாம் சொன்னேன். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. எனக்கு உடம்பு புல்லரித்தது. பொழுது விடியும்போது மேலே போக வேண்டிய மலக்குகளில் ஒருவர், கும்மிடிப்பூண்டி ரயிலைத் தவறவிட்டவர் மாதிரி பின்தங்கிவிட்டார் என்று முடிவு கட்டினேன். (சிரிக்காதீர்கள். பட்டினியில் மூளை அப்படித்தான் ஓடும்.)

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருமுறை பயான் பேசும்போது சொல்லியிருந்தார். எதிரில் இல்லாத ஒருவருக்காக நாம் இறைவனிடம் துஆ கேட்டால், ஒரு மலக்கு பக்கத்தில் நின்று, "ஆமீன், உனக்கும் அதேபோல" என்று சொல்வாராம். இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? கையை ஏந்திவிட்டேன்.

"ரப்பே, ராயபுரம் மைமூன் பீவிக்கு நல்ல சொகத்தக் குடு."

திரைக்கு அப்பாலிருந்து வந்தது. "ஆமீன். ஒங்களுக்கும் அதே மாதிரி."

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தைரியம் பெருகியது.

"அவங்க வாய மட்டும் கொஞ்சம் சுருக்கு ரப்பே. ரொம்ப நீளமாம்."

திரைச் சேலை ஒருமுறை அசைந்தது. பிறகு, "ஆமீன்" என்று ஒரு தினுசாக வந்தது. "ஒங்களுக்கும் அதே மாதிரி."

என் வாயில் சுருக்க என்ன இருக்கிறது? மலக்குக்கு என்னைப் பற்றிச் சரியான தகவல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டினேன்.

"எம்பொண்ணு தகப்பன் இல்லாதது. கொழம்பு கருகிப்போனா அந்தம்மா நாலு சுவத்துக்குள்ளயே திட்டட்டும், தெருவுக்குக் கேக்க வாணாம். திட்டினப்புறம் சாப்ட்டியான்னு ஒரு வார்த்த கேட்டா போதும். எனக்குக் கேக்கத் தெரியாது ரப்பே. மொகத்தப் பாத்தா பேச்சு வராது. நீதான் என் வாயா இருந்து கேக்கணும்."

ஆமீன் வரவில்லை. மூக்கைச் சிந்தும் சத்தம் வந்தது.

மலக்குக்கு ஜலதோஷம் பிடிக்குமா? திரைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இரண்டு பாதங்கள் தெரிந்தன. குதிகாலில் வெடிப்பு.

"ஏங்க," என்றது குரல், "என் வாயி ரொம்ப நீளம்னு ஒங்ககிட்ட எவ சொன்னா?"

பூமி பிளக்கக்கூடாதா என்று இருந்தது. பிளந்தாலும் உள்ளே போக முடியாது, இஃதிகாஃப் முறிந்துவிடும். எழுந்து ஓடவும் வழியில்லை. (நடந்தது பிறகுதான் தெரிந்தது. சொல்லாமல் வந்து நின்ற மைமூன் பீவியை உட்கார வைத்து, "மாமி இஃதிகாஃப்ல கீறாங்க" என்று சைகை காட்டிவிட்டு, பக்கத்துத் தெருவிலிருந்த நஸ்ரினைக் கூட்டிவர பரீதா ஓடியிருக்கிறாள்.)

"மாப்பு குடுங்க" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"நா இன்னாத்துக்கு வந்தேன் தெரியுமா? இந்த எடம் வாணாம்னு மொகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அன்னிக்கு வந்தப்போ ஒரு வார்த்த பேசினீங்களா? இன்னா திமிரு, நம்மள கலீஜா நெனச்சிக்கினு கீதுன்னு எனக்கு வயிறு எரிஞ்சிச்சி."

"திமிரு இல்லீங்க. கூச்சம்."

"கூச்சமா? இப்ப மட்டும் கொழா தொறந்த மாறி கொட்டினீங்களே?"

"இப்ப மொகம் தெரியலீங்களே."

அதற்கு அவர் சிரித்தார் பாருங்கள். தெருக்கோடி வரை கேட்கும் என்று சொன்னவர்கள் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். "அப்போ தெரைய எட்க்காதீங்க. இப்டியே பேசி முடிச்சிக்கலாம்" என்றார்.

அப்படியே பேசி முடித்தோம். எல்லாம் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக. நடுவில், "கொழம்பு கருகினா திட்டத்தான் திட்டுவேன். ஆனா சாப்ட்டியான்னு கேக்காம வுட மாட்டேன்" என்று மூக்கை உறிஞ்சியபடி சொன்னார். கையைத் திரைக்குள் நீட்டினார். நான் பற்றிக்கொண்டேன். அந்த வேகத்தில் ஆணி பிடுங்கிக்கொண்டு, சுண்ணாம்போடு சேலை எங்கள் தலைமேல் விழுந்தது.

"ஐயோ, என் இஃதிகாஃப்!" என்று கத்தினேன்.

"உள்ள போங்க, உள்ள போங்க! கோட்டத் தாண்டாதீங்க!" என்று மைமூன் பீவி கபடி ஆட்டத்தில்போல என்னைத் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார். பரீதாவும் நஸ்ரினும் வந்து பார்த்தபோது, ராயபுரத்து மாப்பிள்ளையின் அம்மா இரண்டு கையையும் தூக்கி சேலையை விரித்துப் பிடித்தபடி, தலையெல்லாம் சுண்ணாம்போடு நின்றிருந்தார்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? ஆணியடிக்கச் சுத்தி எட்த்துகினு வாங்க, கை வலிக்குது" என்றார். பிறகு நஸ்ரினைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்றார்.

"நோன்பு மாமி."

"அட, ஆமா!"

கல்யாணம் நல்லபடி நடந்தது. இப்போது எங்கள் இரண்டு வீட்டிலும் யார் யாரைத் திட்டினாலும், வாங்கியவர் அமைதியாக, "ஆமீன், ஒனக்கும் அதே மாதிரி" என்று சொல்லிவிடுவார். திட்டியவருக்கு அதற்கு மேல் வழியில்லை. நான் விசேஷ வீட்டில் பேச்சு வராமல் நின்றால், மாப்பிள்ளையே தோளிலிருக்கிற துண்டை விரித்து முன்னால் பிடிக்கிறார்.

மலர் அச்சுக்குப் போகும் முன் யாராவது இதைச் சரிபார்க்க வேண்டும். மலக்கு ஆமீன் சொல்வதைப் பற்றி நான் எழுதியது சரிதானா என்று ஹஜ்ரத் பார்க்கட்டும். இஃதிகாஃப் முறியவில்லை என்று என் மகன் கேட்டு வந்து சொன்னான், அதையும் ஒருமுறை பார்க்கட்டும். இன்னொன்று. வாயைச் சுருக்கச் சொல்லித்தான் நான் கேட்டேன். தைத்துவிடச் சொன்னதாகச் சம்பந்தியம்மா ராயபுரம் முழுக்கச் சொல்லிவருகிறார். அதை நன்றாக விசாரித்துப் போடுங்கள்.