அடுப்பு கேட்காத சுருட்டு

சமைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், தெரியாதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தாலும் உலகத்துக்குப் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. சமையல் சுலபம் என்று தெரிந்தவர்கள். கல்யாணப் பந்தியில் பார்த்திருப்பீர்களே? இலையில் விழுந்ததில் ஒரு வாய் போட்டு, கண்ணை மூடி மென்று, விழுங்கிவிட்டு, "இதுல என்ன இருக்கு? அஞ்சு நிமிச வேல" என்பார்கள். அந்த ஐந்து நிமிஷத்தைக் கடிகாரம் வைத்து அளந்தவர் எவருமில்லை. எனக்குத் தெரிந்து ஒரே ஒருமுறை அளந்தார்கள். தூத்துக்குடியில், துறைமுகக் குடியிருப்பில், ஆவுடையப்பன் வீட்டில்.

ஆவுடையப்பன் துறைமுக அலுவலகத்தில் தலைமை எழுத்தர். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம். ஒருநாள் கையெழுத்து வாங்கச் சரக்குக் கப்பல் ஒன்றில் ஏறியவரிடம் அந்தக் கப்பலின் சமையற்காரன் ஒரு தட்டை நீட்டினான். விரல் நீளத்துக்குச் சுருட்டிய ரொட்டித் துண்டுகள். உள்ளே வெண்ணெயும் ஏதோ ஒரு பச்சையும். இதற்கு அடுப்பே வேண்டாம் என்று அவன் சைகையில் விளக்கினான். ஊரே தகர டின்னைத் தூக்கிக்கொண்டு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாட்கள் அவை. கேட்க வேண்டுமா? எழுத்தராகக் கப்பல் ஏறியவர் தீர்க்கதரிசியாக இறங்கினார்.

அன்றுமுதல் மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் அலுவலகத்து ஆட்கள் இருபது பேர் அவர் வீட்டில் கூடினார்கள். "சும்மா வாங்க. ஒரு டீ, ஒரு சுருட்டு. பெரிசா ஒண்ணும் கெடையாது" என்றுதான் அழைப்பு. வந்தவர்களுக்குச் செய்முறையும் சொல்லுவார். ரொட்டி ஓரத்தை வெட்டணும், பூரிக்கட்டையால ஒரு உருட்டு உருட்டணும், வெண்ணெய் தடவி, மல்லித் துவையல் பூசி, வெள்ளரிக்காயைக் குச்சி மாதிரி நறுக்கி ஒண்ணு வச்சு, ஒரே சுருட்டு! முடிஞ்சுது.

முடிஞ்சுதா? முடிந்தது, சண்முகத்தாய்க்கு இடுப்பு. அவர் மனைவி. துவையல் தானாக அரைபடாது. அம்மியில் அரைப்பவள் அவள். கடையில் வாங்கிய நான்கு முழு ரொட்டியையும் ஈரத்துணியில் பொதிந்து வைத்து, ஓரம் வெட்டி, உருட்டி, தடவி, பூசி, எண்பது சுருட்டு சுருட்டுகிறவளும் அவள்தான். ஆவுடையப்பனின் பங்கு? ஒன்று. முதல் சுருட்டை அவர் சுருட்டிக் காட்டுவார். "இந்த மாதிரி செய்யி" என்று சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போய்விடுவார்.

இந்தச் சுருட்டால் சண்முகத்தாய் தன் தங்கை முத்துக்கனியின் கல்யாண மறுவீட்டுக்குப் போகவில்லை. புது வீடு பால் காய்ச்சினதற்கும் போகவில்லை. தங்கை இருப்பது என்ன, சிங்கப்பூரிலா? திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற புதுக்கோட்டையில். பஸ் ஏறினால் அரை மணி நேரம். இரண்டுமே முதல் ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைத்தன, அவ்வளவுதான். மூன்றாவதாக முத்துக்கனிக்கு வளைகாப்பு வந்தது. அதுவும் முதல் ஞாயிறு.

"இந்தத் தடவ நான் போறேன்" என்றாள் சண்முகத்தாய்.

"போயேன். யாரு வேண்டாம்னா? செஞ்சு வச்சிட்டுப் போ. அஞ்சு நிமிச வேல."

"இந்தத் தடவ புது ஆபீசர் வேற வாராருன்னியளே?"

"சம்பத்குமார் சார் வாரார். அவருக்குன்னு தனியாவா செய்யப் போற? அதே சுருட்டுதானளா."

சண்முகத்தாய் அவரைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். "அப்பம் நல்லதாப் போச்சு. அஞ்சு நிமிசந்தான? நீங்களே செஞ்சிருங்க" என்றவள், ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பட்டுச்சேலை கட்டி, வளையல் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஆவுடையப்பன் பதறினார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் பதறாது. ஐந்து மணிக்கு விருந்தாளிகள். ஐந்து நிமிஷ வேலைக்குக் காலையிலேயே ஏன் உட்கார வேண்டும்? பேப்பர் படித்தார். அவள் மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாட்டைச் சாப்பிட்டார். தூங்கினார். நான்கு மணிக்கு எழுந்து முகம் கழுவி, சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார்.

முதலில் அம்மி. மல்லித்தழையையும் மிளகாயையும் வைத்துக் குழவியை இழுத்தார். மிளகாய் அரைபடாமல் எகிறிப் போய் அலமாரிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. குனிந்து எடுத்தார். அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்தார். அடுத்த பத்து நிமிஷம் அவர் அடுக்களையில் இல்லை. தண்ணீர்த் தொட்டியருகில் இருந்தார்.

திரும்பி வந்து ரொட்டியை எடுத்தால், அது விறைத்துக் கிடந்தது. ஈரத்துணி சமாசாரம் கப்பல்காரன் சைகையில் இல்லையே! முந்தின நாள் வாங்கிய ரொட்டியைப் பிரித்து மேசையில் வைத்திருந்தார். இராத்திரி முழுக்க மின்விசிறிக் காற்று குடித்த ரொட்டி, சுருட்டினால் முறிந்தது. தண்ணீர் தெளித்தார். கூழானது. தெளித்தும் தெளிக்காமலும் ஒரு பக்குவம் இருக்கும் என்று யோசித்து, அதைத் தேடியதில் ஒரு முழு ரொட்டி போயிற்று. கடைசியில் சுருண்டும் சுருளாமலும் நின்ற ஒன்றைத் தையல் பெட்டியிலிருந்து நீல நூல் எடுத்துக் கட்டினார். சுளுக்கிய விரலுக்கு வைத்தியர் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

அடுத்த வீட்டு அந்தோணியம்மாள் சன்னல் வழியாகப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு? நான் வந்து ஒத்தாசை செய்யட்டா?"

"வேண்டாம்மா. இதுல என்ன இருக்கு?" என்றார் ஆவுடையப்பன், ஒரு கையால் சுருட்டைப் பிரியாமல் பிடித்துக்கொண்டு.

கடிகாரம் ஐந்தடித்தது. தட்டில் நீல நூல் கட்டிய ஆறு சுருட்டுகள். ஒரு மணி நேரம், ஆறு சுருட்டு. ஐந்து நிமிஷத்தின் நீளம் என்ன என்பதற்குத் துறைமுகக் குடியிருப்பு கொடுத்த கணக்கு இது. அப்போதுதான் அவருக்கு எண்பது என்ற எண் நினைவுக்கு வந்தது. மணையில் உட்கார்ந்தபடியே இருந்தார்.  வந்தது பயமா, வெட்கமா என்று பிரித்துப் பார்க்க அவகாசமில்லை. வாசலில் செருப்புச் சத்தம்.

முதலில் வந்தவர் கிரேன் ஓட்டும் சுடலைமாடன். அவருக்கு இதுதான் முதல் அழைப்பு. அண்ணாச்சி வீட்டில் சுருட்டு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தயாராகத் தீப்பெட்டி கொண்டுவந்திருந்தார். பின்னாலேயே எழுத்தர் தளவாய், அவருக்குப் பின்னால் ஒரு பட்டாளம், எல்லோருக்கும் நடுவில் சலவை வேட்டியில் புது அதிகாரி சம்பத்குமார்.

இந்த இடத்தில் நீங்களோ நானோ என்றால் உண்மையைச் சொல்லி, கடைக்கு ஆள் அனுப்பி, காராச்சேவு வாங்கியிருப்போம். ஆவுடையப்பன் அந்த ஆறையும் அடுக்களையிலேயே விட்டுவிட்டு, பூரிக்கட்டை, வெண்ணெய், பாதி அரைபட்ட துவையல், வெள்ளரிக்காய், மிச்ச ரொட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து கூடத்து நடுவில் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"வெளிநாட்டுல இப்பம் புது வழக்கம் சார். சுருட்டி வச்சதைத் திங்கிறது பழைய மாடல். அவங்கவங்க சுருட்டை அவங்கவங்களே சுருட்டிக்கிடணும். அதுலதான் ருசியே!"

 சம்பத்குமார் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தார். அதிகாரியே உட்கார்ந்த பிறகு? இருபது பேரும் உட்கார்ந்தார்கள். யாருடையதும் சுருளவில்லை. ஆனால் தான் முறித்த ரொட்டியை யார் குறை சொல்லுவார்? மடித்துத் தின்றார்கள், பிட்டுத் தின்றார்கள், தளவாய் உருட்டித் தின்றார். சுடலைமாடன் தீப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு, "சவம், புகையாத சுருட்டும் நல்லாத்தாம்ல இருக்கு" என்றார். சிரிப்பு அந்தோணியம்மாள் வீட்டுக்குக் கேட்டது.

கிளம்பும்போது சம்பத்குமார் கையைத் துடைத்துக்கொண்டே, "பிரமாதம் ஆவுடையப்பன்! அடுப்பு வேண்டாம், ஆள் வேண்டாம். அடுத்த மாசம் ஆபீஸ் விழாவுக்கு இதையே வச்சிடுவோம். மெட்ராஸ்லேர்ந்து பெரியவாள்லாம் வரா. அவாளைத் தரையில உக்கார வச்சுச் சுருட்டச் சொல்ல முடியாது. நீங்களே அழகாச் சுருட்டி வச்சிடுங்கோ. முந்நூறு போதும். உங்களுக்குத்தான் அஞ்சு நிமிஷமாச்சே!" என்றார்.

ஏழரை மணிக்குச் சண்முகத்தாய் கை நிறையக் கண்ணாடி வளையலும் முகம் நிறையச் சந்தனமுமாக வந்தாள். கூடத்தைப் பார்த்தாள். அடுக்களையைப் பார்த்தாள். நீல நூல் கட்டிய ஆறையும் பார்த்தாள்.

"எத்தன சுருட்டுனிய?"

"ஆறு" என்றார் ஆவுடையப்பன். பிறகு, வழக்கமில்லாத வழக்கமாக, "கையி விட்டுப் போச்சுளா. நீ எப்பிடித்தான் எண்பது சுருட்டுனியோ" என்றார்.

 அவள் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, நூலை அவிழ்த்து ஒரு சுருட்டைத் தின்றுபார்த்தாள். "துவையல் மோசமில்ல" என்றாள். அந்த ஒரு சொல்லில் தெம்பு வந்து, ஆவுடையப்பன் மெல்ல முந்நூறு விஷயத்தை எடுத்தார்.

"அடுத்த மாசமா? முத்துக்கனிக்கு அது பேறுகாலம். நான் புதுக்கோட்டையில இருப்பேன்" என்றாள் சண்முகத்தாய். "போறதுக்கு முன்னால ஒண்ணு சுருட்டிக் காட்டிட்டுப் போறேன். இந்த மாதிரி செய்யுங்க."

அந்த ஒரு மாதமும் ஆவுடையப்பன் தினம் சாயங்காலம் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டி சுருட்டிப் பழகினார். முந்நூறையும் அவரே சுருட்டினார் என்று தளவாய் சத்தியம் செய்கிறார். முந்தின நாள் மத்தியானம் தொடங்கினாராம்.

சரி, சிரித்தாயிற்று. இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் உப்பு ஜாடி அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது? எழுந்து போகாமல் சொல்லுங்கள். தெரியவில்லையா? பரவாயில்லை, போய்ப் பார்த்துவிட்டே வாருங்கள். ஆனால் அடுக்களை வாசலில் உங்களைக் கண்டதும் உள்ளே இருப்பவர் திடுக்கிட்டு, "என்ன, வழி தவறி வந்துட்டியளா?" என்று கேட்டால், உப்பைத் தேட வேண்டாம். திரும்பி வந்துவிடுங்கள். நாம் தேடிய மூன்றாவது இனத்து ஆள் கிடைத்துவிட்டார்.