மாதிரிக் கட்டை

நேற்று மாலை கச்சிதமாக இருந்த ஆறு சப்பாத்திக் கட்டைகளும் காலையில் மாதிரிக் கட்டையைவிட ஒரு நூல் பருத்திருந்தன. கருத்தக்கண்ணன் பருமன் அளக்கும் காலிப்பரைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். அதே ஒரு நூல்.

பழனிசெட்டிபட்டியில் அவருடைய கடைசல் பட்டறைக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை நம்பித்தான், விடுதிகளுக்குச் சப்பாத்தி போட்டுக்கொடுக்கும் ராயப்பன்பட்டி ஜான்சி தன் கட்டையைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

"இதே அளவுல பன்னெண்டு வேணும்ண்ணே. கட்டை மாறுனா சப்பாத்தி கனமும் மாறிருது."

"ஒரு நூல் பிசகுனா பட்டறையைப் பூட்டிர்றேன்மா" என்று இவரும் வாயை விட்டிருந்தார். அந்த வாயை நினைத்தால் இப்போது அவருக்கே எரிச்சலாக இருந்தது.

"ராத்திரி தூறல் போட்டுச்சுல்ல, மரம் உப்பிருச்சு" என்றார், வீட்டுப் பக்கம் திரும்பி.

"உப்புன மரம் தன்னால வத்தாதா?" என்றாள் அடுப்படியிலிருந்து மனைவி பாண்டீஸ்வரி.

"ஒனக்கு லேத்தைப் பத்தி என்ன தெரியும்?"

ஆறையும் மறுபடி லேத்தில் மாட்டி உளியை வைத்தார். நடுவில் அளவு சேர்ந்தது, ஓரத்தில் சேரவில்லை. மாதிரிக் கட்டையே ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் ஒடுங்கியிருப்பதை அப்போதுதான் கவனித்தார்.

"எவன் கடைஞ்சான் இதை? கண்ணை மூடிக்கிட்டுக் கடைஞ்சிருப்பான் போல."

"அதுல தேச்சா வட்டமாவே வராதுங்க" என்றாள் பாண்டீஸ்வரி.

மாதிரி கோணலென்றால் சரக்கும் கோணல்தானே? ஆனால் நேராகவே கடைந்து பழகிய கை, ஒன்றைப்போல இன்னொன்றைக் கோணலாக்கத் திணறியது. இரண்டு கட்டைகள் மெலிந்து குச்சியாகின. ஒன்று பிளந்தது. மரக்கடைக்கு ஓடிப் புதுக்கட்டை வாங்கிவந்தார். மூன்று நாள் முதுகொடிந்தது. வீட்டில் சப்பாத்தி மட்டும் என்றுமில்லாத வட்டமாக, மெத்தென்று வந்துகொண்டிருந்தது. அதைப் பாராட்டும் நிலையில் அவர் இல்லை.

நான்காம் நாள் ஜான்சி வந்தாள். வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் உருட்டினாள். அது வளைந்து ஓடி அவள் காலடியில் விழுந்தது.

"என்னண்ணே, எல்லாமே கோணலா இருக்கு?"

"நீ குடுத்த மாதிரி அப்படித்தாம்மா. பன்னெண்டும் அதே கோணல், ஒரு நூல் பிசகல. அதைக் கடைஞ்சவன் எவன்னு சொல்லு. இனிமே லேத்துப் பக்கமே வராதடான்னு நேர்ல போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

ஜான்சி மாதிரிக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என் கட்டையே இல்லண்ணே."

பாண்டீஸ்வரி மாவு ஒட்டிய கட்டை ஒன்றை முந்தானையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஒன் கட்டை இந்தா இருக்கும்மா. நல்லா உருளுதேன்னு தூறல் போட்ட அன்னைக்கு ராத்திரியே மாத்தி எடுத்துக்கிட்டேன்" என்றவள் புருஷனைப் பார்த்தாள். "அவ கையில இருக்குறது, கல்யாணமான புதுசுல நீங்க எனக்குக் கடைஞ்சு குடுத்ததுங்க."