பெண் பார்க்கப் போய் ரூபாயைப் பார்த்தவர்

ஆரணிக்குப் பட்டெடுக்க வரும் கல்யாணக் கூட்டம்கூட ஒரு முந்தானையை அவ்வளவு நேரம் பார்க்காது. எங்கள் பஸ் கண்டக்டர் 'பூதக்கண்ணாடி' ஓர் எட்டணாவைக் கையில் எடுத்தால் பஸ் ரெண்டு ஸ்டாப் தாண்டிவிடும்.

"யோவ், கள்ளக்காசாய்யா அது? லென்ஸ வச்சிகினு பேஜார் பண்ற!"

"இல்லண்ணே, எழுத்து ரெட்டையா கீதானு பாக்கறேன்."

"நான் எறங்க வேண்டிய ஸ்டாப்பு போச்சுய்யா!"

அவர் தேடியது ரெட்டை அச்சுக் காசு. அச்சைச் செய்யும்போதே எழுத்து ரெண்டு தடவை, துளி தள்ளி விழுந்துவிட்டால், அதில் அடிக்கிற காசெல்லாம் ரெட்டை எழுத்தோடு பிறக்குமாம். பத்து வருஷமாகத் தேடியும் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

சிக்காதது அது மட்டுமல்ல. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் தாம்பூலத் தட்டுக் காசை லென்ஸில் பார்த்து வைத்தார். மூன்று இடமும் முறிந்தது. வயசு முப்பத்துநாலு.

நாலாவது இடம் ஆரணியிலேயே, தறிக்காரர் வீடு. அம்மாவோடு, காலேஜ் பையனான என்னையும் கூட்டிப்போனார். வாசலில் லென்ஸை என் கையில் திணித்தார்.

"இதுவும் போச்சுன்னா எங்கம்மா தாங்காது தம்பி. நான் கேட்டாலும் குடுத்துடாத."

தட்டு வந்தது. வெற்றிலை மேல் ஒரு ரூபாய். மனுஷன் வியர்த்தார். அப்புறம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெறுங்கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

பெண்ணின் அப்பா எழுந்தார். "என்னாங்க, எங்கூட்டுக் காசு செல்லாதுன்றீங்களா?"

நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

உள்ளேயிருந்து பெண்ணே வந்தாள், கையில் பட்டின் இழை எண்ணுகிற கண்ணாடியோடு. "இதுல பாருங்க."

பார்த்தவர் கத்தினார்: "ரெட்டை!"

அவளும் வாங்கிப் பார்த்தாள். "இல்லீங்க. ரெண்டாவதா வுழுந்த எழுத்து தட்டையா கீது. அடிக்கசொல்ல காசு நகுந்திருக்கும். சேலைக்கு டிசைன் அட்டை குத்தறப்பவே தப்பு வுழுந்தா எல்லாச் சேலையிலயும் வரும். இது நெய்யறப்போ ஒருவாட்டி கை தவறுன மாதிரி."

பூதக்கண்ணாடி ரூபாயைத் தட்டிலேயே வைத்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகப் பெண்ணைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அம்மா, தட்ட மாத்திக்கலாம்மா."

நான் இப்போது மெட்ராஸில் வேலையில் இருக்கிறேன். போன மாசம் டீக்கடையில் ஒரு ரூபாய் கிடைத்தது, எழுத்து கொஞ்சம் தடிப்பு. செலவழிக்க மனசு வரவில்லை. பொங்கலுக்குப் போகும்போது கொடுக்க வேண்டும். ரெண்டு பேரும் ஒரே கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டு பார்க்கட்டும்.