போல்ட் ஆசாமியின் சட்டைக் கை

தைரியசாலியாகவும் இல்லாமல் பயந்தாங்கொள்ளி என்றும் ஒப்புக்கொள்ளாமல் நம் நடுவே உலாவும் ஓர் இனம் உண்டு: ‘போல்ட்’ ஆசாமி. “நான் ரொம்ப போல்ட். மனசுல பட்டதைப் பட்டுனு போட்டு உடைச்சிடுவேன்” என்று கேட்காமலே சொல்வாரே, அவரேதான்.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அவர் வைத்திருக்கும் அர்த்தமே தனி. ஆசையாகப் புதுச்சட்டை போட்டு வந்தவரிடம் “உங்களுக்கு எடுபடலையே” என்பது, மச்சினன் வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு “உப்பு தூக்கல்” என்று அறிவிப்பது, கூட்டிப் பெருக்கும் அம்மாளை நாலு பேர் முன்னால் அதட்டுவது, எல்லாமே போல்ட். அதையே அவரிடம் யாராவது சொன்னால்? திமிர். மனைவி சொன்னால்? வாய்க்கொழுப்பு.

எங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருக்கிறார். மகளுக்கு மறுநாள் ஆபரேஷன், மேனேஜர் லீவு தரவில்லை என்று டைப்பிஸ்ட் அம்மா கண்கலங்கி நின்றார். நம்மவர் பொங்கிவிட்டார்.

“நீங்க ஏம்மா அழறீங்க? நீயெல்லாம் மனுஷனான்னு அந்த மேனேஜரை மூஞ்சிக்கு நேரா கேக்கறேன்!”

டீ ஆறும்வரை வசனம் பேசிப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு புறப்பட்டார். டைப்பிஸ்ட் அம்மாவோடு நாங்களும் பின்னாலேயே போனோம். மேனேஜர் அறை வாசலில் மடித்த கையை இறக்கிப் பொத்தான் போட்டார். உள்ளே கேட்டுத் தொலைத்துவிடப்போகிறதே என்ற கவலையோடு ஒற்றை விரலால் தட்டினார்.

உள்ளே போனவர் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. எல்லாம் கேட்டது.

“என்னய்யா?”

“ஒண்ணுமில்ல சார்... ஏசி ஜாஸ்தியா இருக்கே, உங்க உடம்புக்கு ஆகாதேன்னு...”

“டைப்பிஸ்ட் லீவுக்காக வந்தியா?”

“சேச்சே! அவங்களுக்கு இதே வழக்கமாப் போச்சு சார்.”

டைப்பிஸ்ட் அம்மா அதற்குமேல் நிற்கவில்லை. கதவைத் தட்டாமலே உள்ளே போனார். கை நடுங்கியது.

“நாளைக்கு வரமாட்டேன் சார். எம்பொண்ணு பக்கத்துல நான் இருக்கணும். வேலைய விட்டு எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க.”

மேனேஜர் சரி என்று தலையாட்டினார்.

வெளியே வந்த நம்மவர் மறுபடி சட்டைக் கையை மடித்துக்கொண்டார். “நான் போல்டா பேசி வெச்சதாலதான் கெடச்சுது. பாவம், அந்தம்மா பயந்த சுபாவம். கை எப்படி நடுங்குச்சு பாத்தீங்களா?”

உங்களுக்கு ரத்தம் கொதிக்கிறதா? ‘நான் அங்கே இருந்திருந்தால் அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்’ என்று இப்போது நினைத்தீர்கள், இல்லையா? நல்லது. எதற்கும் உங்கள் சட்டைக் கையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மடித்தா விட்டிருக்கிறீர்கள்?